ஐடில் வால்வைக் கழற்றிய இரண்டு நாள்

மகாஜனங்களே! இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், நம்பமாட்டீர்கள்!

என்னிடம் ஒரு பழைய கார் இருப்பது உங்களுக்குத் தெரியும். (தெரியாதவர்களுக்கும் அதன் சைலன்சர் சத்தம் கேட்டிருக்கும்.)

பெரிய த்ராட்டில், ரேஸ் ஃபில்டர், தடித்த சைலன்சர் என்று அதற்கு நான் செய்யாத அலங்காரம் இல்லை.

சுசீந்திரத்தில் ஸ்டார்ட் செய்தால் வயலில் நெல் தானே உதிரும். இனயம் கடற்கரையில் மீன்கள் கரையேறி வந்து சரணடையும்!

அப்பேர்ப்பட்ட வண்டிக்கு ஒரு சீக்கு. சும்மா நிற்கும்போது ஆர்பிஎம் முள் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்.

கோட்டாற்றில் மெக்கானிக் ஸ்டீபன் பானட்டைத் திறந்து ஒரு சின்ன சாமானைக் காட்டினான். ஐடில் வால்வு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் அணைந்துவிடாமல் காற்றை அளந்து கொடுப்பது அதன் உத்தியோகம்.

"கரி பிடிச்சிருக்கு அண்ணே. கிளீன் பண்ணிப் போடட்டா? இல்ல, கழத்திட்டு பிளேட் வச்சு அடைச்சிரட்டா? ரேஸ் வண்டியில இதெல்லாம் கிடையாது."

ரேஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு முப்பது வயது குறைந்துவிட்டது.

"கழத்துலே!"

"ஏசி போட்டா வண்டி நிண்ணுரும் அண்ணே. காலம்பற சூடாவது வரைக்கும் ஆக்சிலரேட்டர்ல கால் வச்சுக்கிட்டே இருக்கணும். வேற ஆராவது ஓட்டுவாவளா?"

"என்னைய விட்டா ஆருலே இந்தச் சிங்கத்த அடக்குவா?"

வரலாற்றுப் பிழை இங்கேதான் நடந்தது.

என் மனைவி லீலா போன மாதம்தான் லைசன்ஸ் எடுத்திருந்தாள். ஐம்பத்தோரு வயதில்! தினமும் காலையில் அந்தச் சிங்கத்தை மேய்த்துக்கொண்டிருந்ததே அவள்தான்.

அதோடு போகவில்லை. மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தோழிகள் தங்கத்தையும் சரசுவையும் இருமுடியோடு தானே காரில் கூட்டிப்போவதாக வாக்கும் கொடுத்திருந்தாள். கொடைக்கு இன்னும் எட்டு நாள்.

மறுநாள், சனிக்கிழமை, ஒத்திகை. தோழிகள் பின் சீட்டில். நான் பக்கத்தில். (வால்வைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.)

சுசீந்திரம் பாலத்தில் லீலா ஏசியைப் போட்டாள். வண்டி நின்றது.

ஸ்டார்ட் செய்தாள். தோழிகள் குரவையிட்டார்கள். (ஸ்டார்ட் ஆனதற்கு!)

மறுபடி நின்றது. மறுபடி ஸ்டார்ட். மறுபடி குரவை.

பின்னால் கன்னியாகுமரி வரைக்கும் வண்டிகள் வரிசை கட்டின. கடலுக்குள்ளும் நாலு லாரி நின்றதாகக் கேள்வி!

பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார். "எக்கா, பாலத்துலயா கொடை நடத்துதிய? கொஞ்சம் ஒதுங்குங்கோ!"

தங்கம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "ஒமக்கு அவசரம்னா பறந்து போவும் ஓய்!"

சரசு மட்டும் மெதுவாகக் கேட்டாள். "ஏட்டி லீலா, இறங்கித் தள்ளட்டா?"

லீலா இறங்கிச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள்.

வீட்டுக்கு நான்தான் ஓட்டிவந்தேன், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதே கதை. அன்று யாரும் குரவையிடவில்லை.

மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது, லீலா கார் சாவியைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு இது பிடிபடாது. உங்க கையில ஓடுகு, என் கையில மட்டும் நிண்ணுருகு. அவளுகளுக்கு வேன் சொல்லிருங்கோ."

இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

"உங்க வண்டிய நான்தான் கெடுத்துட்டேன் போல. மன்னிச்சிருங்கோ, என்னா?"

நான் தீயல் குழம்பில் கவனமாக இருந்தேன். (தீயலில் அப்படிக் கவனிக்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள்.)

கை கழுவியதும் ஸ்டீபன் வீட்டுக்கு ஓடினேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்து கறிச்சோற்றின் முன்னால் அப்போதுதான் உட்கார்ந்திருந்தான்.

"எழும்புலே! அந்த வால்வத் திருப்பி மாட்டணும்."

"ஏன் அண்ணே, சிங்கத்துக்கு என்னாச்சு?"

"உன் மதினியும் ஓட்டுதா."

எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நான் கேட்டேம்லா!"

கரியைச் சுத்தம் செய்து மாட்டினான். முள் ஆடாமல் அசையாமல் நின்றது. கழற்ற வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை!

சாயங்காலம் லீலாவிடம் சொன்னேன்.

"வண்டியில ஒரு சாமானத்த நான் கழத்தியிருந்தேன்."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"பாலத்துல நிண்ணது?"

"அதனாலதான்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? நேத்து ராத்திரி பூரா நான் உறங்கல, கேட்டியளா."

அவ்வளவுதான். சாவியை எடுத்தாள். என்னைப் பின் சீட்டில் ஏறச் சொன்னாள்.

பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தினாள். நியூட்ரல், ஹேண்ட்பிரேக், ஏசி. பிறகு இரண்டு கால்களையும் தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்!

எஞ்சின் லேசாக ஒரு குலுக்கம் குலுங்கியது. சமாளித்துக்கொண்டு ஓடியது.

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நிக்கல" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கொடைக்கு மூன்று பெண்களும் காரில் போனார்கள். எனக்கு இடமில்லை. பொங்கல் பானைக்கு இருந்தது. நான் பஸ்ஸில், ஒற்றைக்காலில்.

ஆகவே, மாடிஃபை செய்த வண்டியில் ஐடில் வால்வைக் கழற்றலாமா என்று இன்பாக்ஸில் கேட்ட தம்பிமார்களே, முதலில் கிளீன் செய்து பாருங்கள். அப்புறம், அந்த வண்டியை உங்களைத் தவிர வேறு யார் ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

நெல் உதிர்ந்தது, மீன் சரணடைந்தது, கடலுக்குள் லாரி நின்றது எல்லாம் சுத்தப் புளுகு. குரவையிலும் ஒன்றிரண்டை நான்தான் கூட்டிச் சேர்த்தேன்.

ஆனால், சாவியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் குனிந்து சோறு தின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சின்ன இடம் மட்டும் உண்மை.