கண் அட்டையின் கடைசி வரி

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, காலைத் திருப்பலி. கொட்டாஞ்சேனையில் எங்கள் கோவிலின் வாசக மேடையில் நின்று முதலாம் வாசகத்தை ஒரு சொல்லும் பிசகாமல் வாசித்தேன். அது அன்றைய வாசகம் அல்ல. பாதர் வேறொன்றைத் தெரிவு செய்து, புத்தகத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். எனக்குச் சீட்டும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. வீட்டில் பூதக்கண்ணாடி வைத்து மனப்பாடம் செய்ததை ஒப்புவித்துவிட்டு இறங்கினேன்.

பூசை முடிந்ததும் பாதர் சொன்னார்: "குரூஸ் அண்ணே, நல்லா வாசிச்சீங்க. இன்னைக்குரியத வாசிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

சிரித்தேன். வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முப்பத்தொரு வருடம் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தவன் நான். மற்றவர்களின் பிழையைக் கண்டுபிடிப்பதே என் தொழில். இப்போது இரண்டு கண்களிலும் புகை மூட்டம். பஸ் இலக்கம் தெரியாமல், மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்து ஏறுவேன். ஒருமுறை அப்படி ஏறி, ஒருகொடவத்தை என்ற இடத்தில் கொள்கலன் லொறிகளுக்கு நடுவே இறங்கி நின்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான் காரணம். என் அண்ணனுக்கு இளவயதில் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகு அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை. ஆகவே கோவிலில் செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்தில் நான் இரண்டு வரம் கேட்டேன். கத்தி படாமல் கண் தெளிய வேண்டும். அதுவரை ஒருவருக்கும் தெரியக்கூடாது.

அடுத்த சனிக்கிழமை அறக்கட்டளையின் கண் முகாம். எங்கள் தெருக் கடைக்காரர்களும் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய சிறிய அறக்கட்டளை அது. ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே உள்ள மண்டபத்தில் சனிக்கிழமைகளில் இரத்தத்தில் சீனி, பிரஷர் பார்ப்பார்கள். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குக் கணிதமும் பெரியவர்களுக்குச் சிங்களமும் படிப்பிப்பார்கள். கண் மங்குவதற்கு முன் நானும் அங்கே சிங்களம் எழுத வாசிக்கப் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். என் மனைவி மேரிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்ததால் அன்று துணைக்குப் போனேன்.

வரிசை நீளம். சுவரில் தமிழ் எழுத்துகள் கொண்ட அட்டை. ஒவ்வொருவரும் அதைச் சத்தமாக வாசித்தார்கள். நான் பெஞ்சில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். பத்துப் பேர் வாசிப்பதற்குள் முழு அட்டையும் என் வாயில் வந்துவிட்டது. பழக்கம் அப்படி.

மேரியின் முறை முடிந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் ஒருக்காக் காட்டுங்கோவன்."

எழுந்து போனேன். ஒரு கண்ணை மூடி மேலிருந்து கீழ்வரை சொன்னேன். மறு கண்ணுக்கும் அப்படியே. கடைசி வரியையும் விடவில்லை. அங்கேதான் பிழை விட்டேன்.

"அய்யாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார் நர்ஸ்.

"அறுபத்து மூணு."

"அந்தக் கடைசி வரிய இண்டைக்கு ஒரே ஒரு ஆள்தான் வாசிச்சவர். அவருக்கு இருபது வயசு." சொல்லிக்கொண்டே அட்டையைத் திருப்பினார். "இப்ப இந்தச் சிங்களப் பக்கத்த வாசிங்க."

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, மகள்," என்றேன்.

அந்த நேரத்தில்தான் வகுப்பு வரவு இடாப்பை எடுக்க சமரி டீச்சர் உள்ளே வந்தார். எனக்குச் சிங்களம் படிப்பித்தவர்.

"அனே அங்கிள், ஏன் பொய் சொல்றது? எங்க கிளாஸ்ல முதலாவது மார்க்ஸ் உங்களுக்குத்தானே!"

வரிசை முழுவதும் சிரித்தது. மேரி மட்டும் சிரிக்கவில்லை. "போன கிழமை சொதிக்குள்ள உப்பெண்டு சீனியைப் போட்டவர், மிஸ். நான் அப்பவே யோசிச்சனான்."

"அப்ப மேல இருக்கிற பெரிய எழுத்த மட்டும் சொல்லுங்க பாப்பம்," என்றார் நர்ஸ்.

பார்த்தேன். சுவர் இருந்தது. அட்டை இருந்தது. எழுத்து இல்லை.

"தெரியல்ல," என்றேன். அதைச் சொன்னதும் மூச்சு இலேசாக வந்தது.

இரண்டு கண்களிலும் வெண்படலம். முகாமுக்கு வந்திருந்த டாக்டரிடம் அண்ணனின் கதையைச் சொன்னேன். அண்ணனுக்கு வந்தது வேறு நோய் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். கண்ணுக்குள் வைக்கும் வில்லையை அறக்கட்டளை வாங்கிக் கொடுத்தது. உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்குச் சிகிச்சை. மேசையில் படுத்தபோது வரம் எதுவும் கேட்கவில்லை. "ஆண்டவரே, பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். அந்தச் செபம் முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது போல் இருந்தது.

மறுநாள் கட்டு அவிழ்த்து வெளியே வந்ததும் எதிரே ஒரு பஸ். அதன் பலகையைச் சிங்களத்தில் சத்தமாக வாசித்தேன். "டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கோ, எங்கட ஆளுக்குச் சிங்களம் திரும்பி வந்திட்டுதெண்டு," என்றாள் மேரி.

தூய ஆவி திருநாளன்று மீண்டும் வாசக மேடை ஏறினேன். புத்தகத்தில் ஒரு துண்டுச் சீட்டு. பாதரின் கையெழுத்து: "குரூஸ் அண்ணே, இன்றையது இதுதான்." வாசித்துச் சிரித்துவிட்டேன். பிறகு வாசகத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்தே வாசித்தேன்.

நான் கேட்ட இரண்டு வரமும் எனக்குக் கிடைக்கவில்லை. கத்தி பட்டது. தெரு முழுவதும் தெரிந்தது. ஆனாலும் என் மன்றாட்டு கேட்கப்பட்டது என்று உங்கள் முன் சாட்சி சொல்கிறேன். பதிலைக் கொண்டுவந்தவர் சமரி டீச்சர், பௌர்ணமிப் போயா நாள் தவறாமல் விகாரைக்குப் போகும் ஒரு பிள்ளை. ஆண்டவர் யாரை அனுப்புவார் என்று நாம் தீர்மானிக்க முடியாது.

இப்போது கண் முகாமில் அட்டையைத் திருப்புவது என் வேலை. மூன்று பேருக்கு ஒருமுறை திருப்புவேன். பெஞ்சில் யாராவது அட்டையைப் பாராமல் காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் போய் அமர்ந்துகொள்வேன். உங்களில் அப்படி ஒருவர் இருந்தால் பயப்படாமல் வாருங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். ஆண்டவரிடமும் அதையே சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.