அப்பா வழி, அம்மா வழி, நான்கில் ஒன்று

மரபணு ஆலோசகரிடம் வருகிறவர்கள் விடை கேட்டு வருகிறார்கள். அவர் கையில் இருப்பதோ பின்னம் மட்டுமே. நிச்சயமில்லாத ஒன்றைத் திருத்தமாகச் சொல்லிப் பிழைக்கும் தொழில் உங்களுடையதாகவும் இருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை: தலசீமியா என்பது நல்ல இரத்தம் போதிய அளவில் ஊறாத நோய். நோயுற்ற குழந்தைக்குப் பிறர் இரத்தத்தை அடிக்கடி ஏற்ற வேண்டும். தாய், தந்தை இருவரிடமும் அதன் மரபணுக் கூறு ஒளிந்திருந்தால், அவர்கள் நலமாகவே இருப்பார்கள். ஆனால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூத்ததற்கு வந்துவிட்டது என்பதால் இளையதற்கு அது குறையாது. என்னிடம் வந்த தம்பதி பிரபு, கவிதா இருவரிடமும் அக்கூறு இருந்தது. மூத்த மகனுக்கு நோய் இருந்தது. கவிதா மீண்டும் கருவுற்றிருந்தார்.

பத்தாயிரம் குழந்தைகள்

பிரபு எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர். நான் சொன்ன கணக்கை மறுபேச்சின்றிக் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் கம்பெனி காரிலிருந்து இறங்கி நேரே லேப்டாப்புடன் வந்தார். தங்களைப் போன்ற பெற்றோருக்குப் பத்தாயிரம் குழந்தைகளைக் கணினிக்குள்ளேயே பிறக்கவைத்துப் பார்த்திருந்தார். முடிவை எனக்குக் காட்டவில்லை; திரையை மூடிவிட்டுச் சொன்னார்:

“எத்தனை தடவ ரன் பண்ணாலும் இருபத்தஞ்சு பர்சென்ட்தான் வருது மேடம். எங்கயாவது பக் இருக்கும்னு தேடினேன். இல்ல.”

யார் முறை?

பிரபுவின் தாயார் ஜோகுபாளையத்திலிருந்து ஆட்டோவில் வந்தார். எங்களில் கலங்காதவர் அவர் ஒருவரே. அவர்கள் வீட்டில் மூத்த பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயர், இளையதற்கு அம்மாவின் அப்பா பெயர். இரத்தமும் அந்த முறைப்படியே போகும் என்பது அவர் முடிவு. நோய் தம் கணவர் வழியில் வந்தது. அதை மூத்தவன் வாங்கிக்கொண்டான். இளையது அம்மா வழிக்குப் போய்த் தப்பிவிடும்.

மறுக்க எனக்கு மனமில்லை, மறுக்காமலிருக்க உரிமையில்லை. ஒரு தாளில் குடும்ப வரைபடம் போட்டேன். பிரபு மணந்திருந்தது சொந்த அத்தை மகளை. கவிதாவின் தாயார் இந்த அம்மாளுடைய கணவரின் தங்கை. ஆகவே இரண்டு கோடுகளும் மேலே ஏறி ஒரே தம்பதியிடம் போய் முடிந்தன. அவர் ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொடர்ந்து சென்று, உச்சியில் நிறுத்தினார்.

“அப்ப எந்த வழியில போனாலும் எங்க மாமியார் வீடுதானா?”

ஒரே ஆள்

கருவுக்கு நோய் உண்டா என்று அறிய, நச்சுக்கொடியிலிருந்து சிறிது திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு இன்னும் வரவில்லை. ஒருநாள் கவிதா தனியே வந்து அமர்ந்தார். நான்கில் மூன்று நமக்குச் சாதகம் என்று ஆறுதல் கூறினேன். கணக்கில் பிழையில்லை. அவர் வயிற்றின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

“நாலு பேர்ல மூணு பேர் தப்பிச்சுடுவாங்க, சரி மேடம். எனக்குள்ள இருக்கிறது ஒரே ஆளு.”

பின்னர் உறுதியானவை: குழந்தைக்கு நோய் இல்லை, பெற்றோரைப் போல் கூறு மட்டும் உண்டு. பிறந்தது ஆண், முறை பிறழாமல் அம்மாவின் அப்பா பெயரை வைத்தார்கள். அண்ணனின் நோயைத் தீர்க்கவல்ல எலும்பு மஜ்ஜையைக் கொடுக்கத் தம்பியின் திசு பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று என்றேன். இம்முறை எல்லோரும் அந்த ஒன்றையே வேண்டிக்கொண்டார்கள். பொருந்தவில்லை. மூத்தவனுக்கு இரத்தம் ஏற்றுவது தொடர்கிறது.

அஞ்சிய நான்கில் ஒன்றும் வரவில்லை, வேண்டிய நான்கில் ஒன்றும் வரவில்லை. என் கணக்கு மட்டும் இரண்டு முறையும் சரியாக இருந்தது.