நாயில்லாமல் பட்டை வாங்கியவர்

மேடவாக்கத்தில் நாய்ச் சாமான்கள் விற்கும் கடையில் அவரைப் பார்த்தேன். உள்ளே வந்தும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கூட நாயும் இல்லை. நாயின் மார்போடு சேர்த்து மாட்டும் பட்டைகளை எடுத்து, ஒவ்வொரு கொக்கியையும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். கண் மட்டும் என் லாப்ரடார் மேலேயே இருந்தது. எங்கள் தெருவில் போன மாதம்தான் ஒரு நாயைத் திருடிக்கொண்டு போயிருந்தார்கள்.

"சார், உங்க நாய்க்கு ஒருவாட்டி மாட்டிப் பாக்கவா? எங்களுதும் இதே சாதி, இதே சைஸ்."

மறுக்க முடியவில்லை. ஆனால் என் கயிற்றை நான் விடவில்லை. சிவப்புப் பட்டையை மாட்டி, அடியில் இரண்டு விரல் நுழைத்துப் பார்த்தார். பிறகு எதிரே நின்று தன் பக்கம் இழுத்தார். நாய் பின்வாங்கித் திமிறியது, பட்டை கழலவில்லை.

"இது கரெக்டா கீது. பழசு லூசு சார். தீபாவளி வெடிக்குப் பயந்து உருவிக்கினு ஓடிடுச்சு."

"அப்புறம் கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல. வந்தா போடணும்ல?"

அவர் சொன்னது உண்மையா, தெரியாது. அன்று சுற்றுவழியில்தான் வீட்டுக்குப் போனேன். ஆனாலும் எங்கே ஒரு லாப்ரடாரைப் பார்த்தாலும், சிவப்புப் பட்டை போட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.