படத்தில் இல்லாதவர்

பழைய நகரின் நடுவே நான்கு மாடிக் கட்டடம் விற்பனைக்கு. கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள் என்று விளம்பரம் வந்தது. தேக்கு மாடிப்படியைக்கூட விடாமல் புகழ்ந்திருந்தார்கள். அந்தப் படிக்கு அடியில் முப்பத்தொரு வருடமாக ஒரு மனிதர் இருப்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஜெராக்ஸ்காரரைச் சேர்த்தால் விலை ஏறவா போகிறது?

கடை எட்டடிக்கு ஆறடி. தகரத் தடுப்பு, ஒரு மெஷின், ஒரு முக்காலி. ஆள் நல்ல உயரம். நிமிர்ந்தால் படிக்கட்டு மண்டையில் இடிக்கும். ஆகவே யார் வந்தாலும் குனிந்தே வரவேற்றார். பணிவான மனுஷன் என்று பேர் வாங்கியது அப்படித்தான். தொழிலில் அவருக்கு ஒரே கொள்கை: எதற்கும் ஒரு காப்பி கூடுதலாக இருக்கட்டும். ஒரு காகிதம் கேட்கிற அலுவலகத்துக்கு மூன்றை இணைத்து அனுப்பச் சொல்வார். கூடுதல் காகிதத்தால் கெட்டவன் உலகத்தில் இல்லை என்பது அவர் சித்தாந்தம்.

வாங்க வந்தவர் ஓட்டல் முதலாளி. இடித்துவிட்டுப் பன்னிரண்டு மாடி எழுப்பப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. குடியிருப்பவர்களும் கடைக்காரர்களும் முதல் மாடி வக்கீலம்மாவின் அறையில் கூடினார்கள். டீ ஆறும் வரை கொதித்தார்கள். பிறகு மனு எழுதும் வேலையை ஜெராக்ஸ்காரர் தலையில் கட்டிவிட்டு, அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். பேப்பர் சமாசாரம் என்றால் அண்ணனை விட்டால் யார் என்று பேக்கரிக்காரர் முதுகில் தட்டினாராம்.

தட்டியது வேலை செய்தது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் குழுவுக்கு அவர் எழுதினார். குழு கேட்டது கட்டிய வருடத்துக்கு ஒரே ஒரு சான்று. பத்திர நகல் ஒன்றே போதும். அதோடு நிற்க அவருக்குக் கை வரவில்லை. எப்போதோ ஒரு வாடிக்கையாளர் நகலெடுக்கக் கொண்டுவந்த, கட்டடம் திறந்த அன்று எடுத்த புகைப்படத்தில் ஒரு பிரதி அவரிடம் இருந்தது. அதையும் சேர்த்தார். பின்பக்கத்தில், ‘இது இக்கட்டடமே என்று உறுதி கூறுகிறேன்’ என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மனு பலித்தது. யார் வாங்கினாலும் இடிக்கக் கூடாது. திறப்பு நாளில் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். அன்றிருந்த கடைகளும் வீடுகளும் அப்படியே தொடரலாம். பேக்கரிக்காரர் கேக் வெட்டினார். ஜெராக்ஸ்காரரைத் தோளில் தூக்காத குறை.

ஓட்டல் முதலாளி ஓடிவிடவில்லை. இனி பழமைக்குத்தான் மவுசு என்று அவருக்கும் தெரியும். விலை பேசி முடித்தார். அடுத்த வாரம் குழுவின் பொறியாளர் புகைப்படத்தோடு வந்தார். படத்தில் பேக்கரி இருந்தது. மருந்துக்கடை இருந்தது. மேல் ஜன்னல்களில் உலர்த்திய துணிகூட இருந்தது. திறந்த வாசல் வழியே தெரிந்த மாடிப்படிக்கு அடியில் அழகான செங்கல் வளைவு இருந்தது. வளைவுக்குள் ஒன்றுமில்லை.

“இந்தத் தகரம் படத்துல இல்லையே,” என்றார் பொறியாளர்.

“நான் இருக்கேனே சார்.”

“நீங்களும் படத்துல இல்ல.”

காலி செய்ய முப்பது நாள் கெடு. ஆட்சேபம் இருந்தால் குழுவின் முன் சொல்லலாம். வக்கீலம்மா கதவைச் சாத்திவிட்டு வழி சொன்னார்: குழுவின் உத்தரவே படத்தை நம்பித்தான், படம் வேறு கட்டடத்தினுடையது என்று சாதித்தால் உத்தரவு விழும். உத்தரவு விழுந்தால் கட்டடமும் விழும். அத்தனை பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

சாத்திய கதவு அந்தக் கட்டடத்தில் எதையும் தடுத்ததில்லை. மறுநாள் காலை முதல் எல்லோருக்கும் திடீரென்று நகல் தேவைப்பட்டது. மேலே பிள்ளைகுட்டிக்காரர்கள் இருப்பதை ஆளாளுக்கு நினைவூட்டினார்கள். பேக்கரிக்காரர் சூடான ரொட்டி கொண்டுவந்தார். உங்கள் பின்கட்டில் ஒரு மூலை கிடைக்குமா, மெஷினை வைத்துக்கொள்கிறேன் என்று ஜெராக்ஸ்காரர் கேட்டார். மாவு பறக்கும், மெஷினுக்கு ஆகாது என்று பதில் வந்தது. மெஷின் மேல் அவ்வளவு கரிசனம்.

மனைவி வீட்டில் ஒரே பேச்சாகச் சொன்னாள். “வேற கட்டடம்னு சொல்லிட்டு வாங்க. எல்லாரோடயும் தெருவுக்கு வந்தா தெருகூட ஊராயிடும். தனியா வந்தா நாம பிச்சைக்காரங்க.”

அவர் போய்ச் சொன்னார். வேறு கட்டடம். பொறியாளர் படத்தைத் திருப்பி வைத்தார்.

“இது யார் கையெழுத்து?”

“என்னோடதுதான்.”

ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கட்டடம் பிழைத்தது, படிக்கட்டின் அடிப்பகுதி நீங்கலாக.

சொன்ன பொய்யால் ஒருவருக்கும் ஒரு மயிரிழை நஷ்டமில்லை. ஆனாலும் நான்கு மாடியும் கொந்தளித்தது. கூட இருந்தே குழி பறிக்கப் பார்த்தாரே என்று பேக்கரிக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அங்கலாய்த்தார். மெஷினை வண்டியில் ஏற்றிய அன்று படியில் ஏறியவர்கள், இறங்கியவர்கள் எல்லோருக்கும் விட்டத்தைப் பார்த்தே நடக்க வேண்டியிருந்தது. ஒரு கை பிடிக்க ஆளில்லை. கணவனும் மனைவியும்தான் தூக்கினார்கள்.

நான்கு தெரு தள்ளி ஒரு கடை காலியாக இருந்தது. வாடகைக்கு விடுகிறவர் நிதானமான மனிதர். பழைய இடத்தில் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். பேக்கரிக்குப் போன் போட்டார். ஜெராக்ஸ்காரர் எதிரிலேயே நின்றார். பேக்கரிக்காரரின் குரல் எப்போதும் கணீரென்று இருக்கும்.

“தொழில்ல கெட்டிக்காரர்தான் சார், குறையே சொல்ல முடியாது. ஆனா கட்டடத்துக்கு ஆகாத ஆளு.”