பனி இறங்கினால் நின்ற இடத்தில் நில்

ஏற்காடு ஏரியில் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகுப் போட்டி என்று முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணத்துத் தண்ணீர் மாதிரி ஓர் ஏரி. அதில் காற்று ஒழுங்காக ஒரு பக்கமிருந்து வருவதே அபூர்வம். ஆனாலும் வருஷா வருஷம் கோடை லீவில் சென்னையிலிருந்து ஒரு கோச் சின்னச் சின்னப் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வளைவுகளில் ஏறி வந்துவிடுவார். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் கற்றுக்கொடுப்பார். கடைசி ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லோருக்கும் ஒரு பதக்கம், ஒரு பொட்டலம் பிரியாணி. போன வருஷம் காற்றே இல்லாமல் பிள்ளைகள் நடு ஏரியில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, "இப்படிப் போட்டின்னா யாரு வேணா போலாம்" என்று என் பெண் காதுபடச் சொன்னவள் நான்தான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன். இந்த வருஷம் தானும் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நாலாம் வகுப்பு முடித்திருந்தாள். ஆளைவிடப் பாய் உயரம்.

நான் கொட்டச்சேட்டில் பிறந்தவள். காப்பித் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் அது குடத்தில் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சேலத்துக்காரர், கிணற்றில் குதித்து வளர்ந்தவர். ஏரிக்கு மேலே ரோட்டோரம் காப்பித்தூளும் மிளகும் விற்கிறோம். கடையில் உட்கார்ந்தால் ஏரி தெரியும். அந்த இரண்டு வாரமும் என் கண் தராசில் இல்லை. எத்தனை பேருக்கு மிளகைக் கூடப் போட்டேனோ தெரியாது.

"ஏனுங்க, அந்தக் கயித்தப் புடிச்சு நிக்க அவ கையில பலம் இருக்குதுங்களா?"

"லைஃப் ஜாக்கெட் போட்டா கல்லுகூட மெதக்கும் புள்ள. நீ நொம்பப் பயப்படற."

"கல்லு மெதந்தா எனக்கென்னங்க வந்துது?"

அவர் சிரித்தார். அப்பனும் மகளும் ஒரு கட்சி. நான் தனிக்கட்சி, டெபாசிட் இழந்த கட்சி.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு நடை பழகும்போதே கூடவே ஒரு சட்டமும் பழக்குவார்கள். பனி இறங்கினால் நின்ற இடத்தில் நில். கூப்பிடுகிற சத்தத்தை நம்பி நடக்காதே. மூடுபனியில் சத்தம் ஏமாற்றும். எதிர்ச் சரிவில் நிற்பவர் குரல் பக்கத்துச் செடிக்குப் பின்னாலிருந்து வருவது போலக் கேட்கும். அதை நம்பி நாலு எட்டு வைத்தால் கீழே பாறை. அதனால் தேடி வருகிற பெரியவர்கள் கூவிக்கொண்டே வருவார்கள். பிள்ளை நகராமல், பதிலுக்குக் கூவினால் போதும். நான் அப்படித்தான் வளர்ந்தேன், அவளையும் அப்படித்தான் வளர்த்தேன். வாய்ப்பாட்டுக்கு முன்னால் அவள் மனப்பாடம் செய்தது இதைத்தான்.

போட்டியன்று காலை வெயில் நன்றாகவே இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் மூன்று மிதவைகள். மூன்றையும் தொடாமல் சுற்றி வந்து கரையோரக் கொடியைத் தாண்ட வேண்டும். கோச் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து விதிகளை மறுபடி ஒப்பிக்கச் சொன்னார். மிதவையைத் தொட்டால் தண்டனையாகப் படகை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். நீளமாக மூன்று விசில் கேட்டால் போட்டியை விட்டுவிட்டு விசில் வரும் பக்கம் வந்துவிட வேண்டும். என் பெண்ணும் சத்தமாகத்தான் ஒப்பித்தாள். கரையில் நின்று நானும் கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை.

படகுகள் கிளம்பின. என் பெண்ணுடையது மஞ்சள் பாய். இரண்டாவது மிதவையைச் சுற்றும்போது நாலாவதாக இருந்தாள். வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையோரமாக ஓடினார். நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். படகு சாய்ந்தால் நானும் சாய்ந்தேன், நிமிர்ந்தால் மூச்சு விட்டேன். அப்போது கரடியூர்ப் பக்கத்து மரங்கள் மங்கின. மலையில் இருப்பவர்களுக்கு இது தினப்படி சமாசாரம். ஆனால் அன்று பனி வந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் தூரத்து மிதவை போயிற்று. அப்புறம் பாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் மஞ்சளும் போயிற்று.

கோச் மூன்று முறை நீளமாக விசில் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு படகு மூக்கை நீட்டியது. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு பிள்ளை கரையேறும்போதும் அதன் அம்மா ஓடிப்போய்த் துண்டைப் போர்த்தினாள். பாய்க்கயிறு சிக்கிக்கொண்ட இரண்டு பிள்ளைகளைக் கோச்சே துடுப்புப் படகில் போய் இழுத்து வந்தார். என் கையில் துண்டு மடித்தபடியே இருந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

வீட்டுக்காரர் போனை இறக்கிவிட்டார். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. "எதிர்க்கரையில ஒதுங்கியிருப்பா" என்று சொல்லிவிட்டு ரோட்டைச் சுற்றி ஓடினார். கோச் விசிலை இன்னும் பலமாக ஊதினார். "பயப்படாதீங்கம்மா, அவளுக்கு விதி நல்லாத் தெரியும். சத்தம் கேட்டு வந்துடுவா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விதி அவளுக்குத் தெரியும்தான். ஆனால் அதற்கு முன்னால் தெரிந்த விதி ஒன்று இருக்கிறது. விசில் அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்டதனால்தான் நகராமல் இருக்கிறாள். தரையில் என்றால் நிற்கலாம். தண்ணீரில் எது நிற்கும்? காற்று அவளை எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறதோ, கவிழ்ந்தாளோ, கயிறு காலைச் சுற்றிக்கொண்டதோ. நான் சொல்லிக் கொடுத்ததே அவளுக்கு எமனாகிவிட்டதே.

"நீங்க எத்தன ஊதுனாலும் அவ வர மாட்டாளுங்க. நாமதான் போவோணும்" என்றேன். கோச்சுக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. படகுத்துறையில் துடுப்புப் போடுகிறவர் ஒருவர் தன் படகோடு தயாராக நின்றார். எனக்குத் தெரிந்த முகம், கடையில் காப்பித்தூள் வாங்குகிறவர். அவர் நீட்டிய லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். பிறந்ததிலிருந்து நான் படகில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பயப்படக்கூட மறந்துபோயிற்று.

"நடுவால உக்காருங்க அக்கா. பொடவையைச் சுருட்டிக்கோங்க" என்று மட்டும் சொன்னார்.

கரை உடனே காணாமல் போயிற்று. துடுப்பின் நுனியே தெரியவில்லை. கோச்சிடம் விசிலை நிறுத்தச் சொல்லி அவர் கத்தினார். விசில் நின்றது. நான் கூவினேன், கொட்டச்சேட்டில் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கூவுகிற மாதிரி. பதில் இல்லை. மறுபடி கூவினேன். தண்ணீர் படகில் தட்டுகிற சத்தம்தான் வந்தது. நான் கும்பிடாத சாமி இல்லை. சேர்வராயருக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன்.

மூன்றாம் தடவை கூவியபோது மெலிசாக ஒரு கூவல் வந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அவர் இடப்பக்கம் என்றார், எனக்கு முதுகுக்குப் பின்னால் கேட்டது. நான் கூவ, அவள் கூவ, படகைத் திருப்பித் திருப்பிப் போனோம். திடீரென்று மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

பாயைத் தளர்த்தி விட்டிருந்தாள். அது ஈரத்துணி மாதிரித் தொங்கியது. அவளோ படகிலிருந்து குனிந்து, கடைசி மிதவையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். நிற்க இடமில்லாத தண்ணீரில் நிற்க ஓர் இடம் பிடித்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு, அம்மாவப் பாத்துட்ட இல்ல. இந்தப் படகுக்கு வந்துரு சாமி" என்றார் துடுப்புக்காரர்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். "அம்மா, மிதவையத் தொட்டுட்டேன்மா. ஒரு சுத்து சுத்தோணும்" என்றாள்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "போட்டியே முடிஞ்சு போச்சுடி. எல்லாரும் ஊட்டுக்குக் கெளம்பியாச்சு."

"நான் முடிக்கலியே."

பனி அதற்குள் மெலிந்துகொண்டிருந்தது. கரையோரக் கொடி கலங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தது, இவ்வளவு நேரமும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அவள் மிதவையை விட்டுவிட்டுச் சுக்கானைப் பிடித்தாள். பாய் மெதுவாகப் புடைத்தது. படகு நகரவில்லை. விளிம்பைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள்.

"நீ வர்ற வரைக்கும் நிக்கச் சொன்ன. நின்னேன். நீதான் வந்துட்ட இல்ல, இனி நான் போலாமா?"

ஏறி வா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது. அவள் மிதவைக்குப் பக்கத்திலேயே தண்டனைச் சுற்றைச் சுற்றினாள், ஒழுங்காக, யாரும் பார்க்காத இடத்தில். பிறகு கொடியை நோக்கிப் படகைத் திருப்பினாள். கொஞ்ச தூரத்திலேயே பனி மறுபடி அவளை மங்கலாக்கியது. துடுப்புக்காரர் பின்னாலேயே மெதுவாகத் தள்ளி வந்தார்.

மனசு கேட்கவில்லை. கூவினேன். பதில் கூவல் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கூவினேன். அதற்கும் வந்தது. மூன்றாவது தடவை கூவியதற்குக் கூவல் வரவில்லை.

"அம்மா, செத்த சும்மா இரும்மா" என்று குரல்தான் வந்தது. "காத்தப் பாக்கோணும்."