ஒன்பதரை மணி ராகு காலம்

ஜெனோஜா வானியல் ஆராய்ச்சியாளர். ஈஸ்ட் ஹாமில் அவளிடம் சாதகம் பார்க்கச் சொல்லிக் கேட்காத ஆள் குறைவு. கேட்டவர்களுக்கு அவள் முகம் கொடுத்ததுமில்லை. ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். கணக்காளராகு என்றது சனம், மருந்தாளராகு என்றது பள்ளிக்கூடம். இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல் நட்சத்திரங்களின் ஒளி கூடிக் குறைவதை அளக்கப் போனாள்.

வேலைக்குச் சேர்ந்த பதினொரு வருடமும் ஒப்பந்த வேலைதான். வருடாவருடம் வேலை நீடிப்புக் கடிதம் வருமா என்று பார்த்திருப்பது என்ன சீவியம்! மூன்று வருடத்துக்கு முன் ஒரு பல்கலைக்கழகம் நிரந்தர வேலைக்கான நேர்முகத்துக்கு அழைத்தது. ராகு காலம் முடியட்டும் என்று அம்மா கமலாம்பிகை வாசலில் மறித்தார். இவளும் மடைச்சி மாதிரி நின்றாள். இருபது நிமிடம் பிந்திப் போனவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இந்த டிசம்பரில் அதே பல்கலைக்கழகம் மறுபடி கூப்பிட்டது. இதுவும் தவறினால் வானியலையே விட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்குச் சப்பாத்தைப் போட்டாள். அம்மா கலண்டரோடு வந்து நின்றார்.

"ஏழரையிலிருந்து ஒன்பது மட்டும் ராகு காலம். பொறுத்துப் போ பிள்ளை."

"அம்மா, உது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணிச்சது. இஞ்ச இப்பதான் விடியுது. எங்கட ராகு காலம் ஒன்பதுக்குத்தான் துவங்கும், பகல் கட்டையெண்டதால பத்துக்கு முடிஞ்சிடும்."

அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப கெதியா வெளிக்கிடு. இன்டர்வியூ எத்தனை மணிக்கு?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இன்னும் எத்தனை நாளைக்குத்தான் அந்தக் கலண்டருக்கு ஒளித்து வாழ்வது?

"ஒன்பதரைக்கு. ராகு காலத்துக்கு நட்டநடுவில. நான் போறன்."

அவள் கதவைச் சாத்திவிட்டு நடந்தாள்.

நேர்முகத்தில் ஒரு மூத்த பேராசிரியர், ஒரு நட்சத்திரத்தில் அவள் கண்டுபிடித்த ஒளிக்குறைவு கமராவின் கோளாறாக இருக்கலாமே என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்தக் கோளாறை நாலு வருடம் தேடியும் தனக்குக் கிடைக்கவில்லை என்றாள். அவருக்குக் கிடைத்தால் காட்டும்படி கேட்டாள். அதன் பிறகு கேள்விகள் ஒழுங்காக வந்தன.

வியாழக்கிழமை வேலை கிடைத்த செய்தி வந்தது. வெம்பிளியிலிருந்து சின்னம்மா மனோரமா தொலைபேசியில் அழைத்தார்.

"எந்தக் கோயிலுக்கு நேர்த்தி வைச்சனியள் அக்கா?"

அம்மா மகளை ஒரு தடவை பார்த்தார்.

"ஒரு கோயிலுக்கும் இல்லை. ராகு காலத்திலதான் போனவள். என்ர பிள்ளை செய்த வேலைக்குக் குடுத்தவங்கள்."