மஞ்சள் ஜெர்ஸிக்கு ஒரு மன்னிப்பு

கோல் போட்டுவிட்டு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? போன வெள்ளிக்கிழமை எங்கள் அஜ்மானில் ஒருவர் கேட்டார்.

பெயர் ரமிரோ. பராகுவேக்காரர். எங்கள் பில்டிங்கில் எதிர் ஃப்ளாட். தனியாகத்தான் இருக்கிறார். சிலி, துருக்கி, மலேசியா, ஓமன் என்று சுற்றிவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் இங்கே ஒரு சின்ன கிளப்புக்கு ஆடுகிறார். மிட்ஃபீல்டர். அதாவது, பந்தைப் பறித்து அடுத்தவருக்குக் கொடுக்கும் வேலை. கைத்தட்டல் வேறு ஆளுக்கு. கல்ஃபில் பாதிப் பேர் பார்க்கும் வேலைதான்!

அன்று அவர் மகளுக்குப் பிறந்தநாள். ‘கோல் போட்டா கேமராவைப் பார்த்து எனக்கு ஹார்ட் காட்டணும்ப்பா’ என்று ஊரிலிருந்து போனில் சொல்லியிருக்கிறாள். மேட்ச்சை லைவில் பார்க்கப் போகிறாள். கிளம்பும்போது லிஃப்டில் என்னிடம் இரண்டு கையாலும் ஹார்ட் பிடித்துக் காட்டி, “சரியா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டார் மனிதர்.

கேலரியில் கூட்டமே இல்லை. எங்கள் பில்டிங் கீழே கஃபேட்டரியா நடத்தும் அதிராம்பட்டினம் தௌஃபீக் பாயும் நானும், இன்னும் சில பேரும்தான். இரண்டாம் பாதியில், தூரத்திலிருந்து ரமிரோ ஓர் அடி அடித்தார்... கோல்! அவர் கோல் போட்டு நான் பார்த்ததே இல்லை. எழுந்து நின்று கத்தினேன்.

அவரோ கேமரா பக்கம் ஓடவில்லை. தலையைக் குனிந்து, எதிரணியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

“என்னண்ணே இது, கோல் போட்டுட்டு ஸாரி கேக்குறாரு?” என்றார் தௌஃபீக் பாய்.

ஃபுட்பாலில் ஒரு மரியாதை உண்டு. பழைய கிளப்புக்கு எதிராக கோல் போட்டால் கொண்டாட மாட்டார்கள். ஒரு காலத்தில் சோறு போட்ட ஜெர்ஸி இல்லையா? ஆனால் அன்றைய எதிரணிக்கு இவர் ஆடியதே கிடையாது!

மேட்ச் முடிந்து கஃபேட்டரியாவில் உட்கார்ந்ததும் அவரே சொன்னார். “மலேசியாவுல என் டீமுக்கு மஞ்சள் ஜெர்ஸி. இன்னைக்கு வந்தவங்களும் மஞ்சள். பார்த்ததும் கை தானா போயிடுச்சு...”

விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும்தான். அப்போது வீடியோ காலில் மகள் வந்தாள். ஸ்பானிஷில் ஏதோ கேட்டாள். ரமிரோ பதில் சொல்லாமல் அவசரமாக ஹார்ட் காட்டப் போனார். அதற்கு இரண்டு கையும் வேண்டுமே... போன் டேபிளில் விழுந்தது. தௌஃபீக் பாய் அதை எடுத்துப் பிடிப்பதற்குள் கால் கட்டாகிவிட்டது.

“என்ன கேட்டா?” என்றேன்.

“‘கோல் போட்டுட்டுக் கும்பிட்டியே, யாருப்பா அவங்க, நம்ம சொந்தக்காரங்களா?’ன்னு கேட்டா.”

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. தௌஃபீக் பாய் சொல்லாமலே இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார். ரமிரோ திரும்பத் திரும்ப மகளுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். அவள் எடுக்கவில்லை.

ஊர் ஊராய்ப் போகிறவனுக்கு எல்லோரிடமும் மரியாதையாக இருக்கப் பழகிவிடுகிறது. வீட்டு மனுஷனாக இருப்பதுதான் மறந்துபோகிறது.

போன லீவில் ஊருக்குப் போனபோது, என் வீட்டு ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டு மனைவியிடம் கேட்டேன்: “கொஞ்சம் தண்ணி எடுத்துக்கலாமா?”